க்ரீம் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன்னால் என் இரண்டு கண்ணிமைகளும் சிவந்து, தோல் உரிந்து, ராத்திரி பகலாக அரித்தன. புதிதாக எதையும் பூசவில்லை என்று தோல் மருத்துவரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "முகத்திலயும் தலையிலயும் படுற எல்லாத்தையும் அடுத்த தடவை ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். கொண்டுபோன ஷாம்பு, ஃபேஸ்வாஷ், மேக்கப் துடைக்கும் ஈரத்தாள் மூன்றையும் மேசையில் வரிசையாக நிறுத்தி, பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல்லைச் சுழித்தார். மூன்றிலும் பட்டியலின் வால்பகுதியில் அதே பெயர்: மெத்தில்ஐசோதயசோலினோன், பொருள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பதப்படுத்தி. பிறகு முதுகில் ஒட்டிச் செய்த பேட்ச் டெஸ்ட்டிலும் அதுதான் என்று உறுதியானது. மூன்றையும் நிறுத்தினேன், சில வாரங்களில் இமை பழையபடி ஆனது.

அந்த ஈரத்தாள் பொட்டலத்தின் முன்பக்கத்தில் 'மென்மையான சருமத்துக்கு' என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கு வேண்டிய செய்தி பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். வேதியியல் படித்தவர்களுக்கு மட்டுமே புரியக்கூடிய விஷயம் இல்லை இது. முறை தெரிந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை.

முதலில், பட்டியலைக் கண்டுபிடியுங்கள்

'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ், காற்புள்ளி போட்டுப் போட்டு நீளும் பத்திதான் நமக்கு வேண்டியது. சிறிய சீரம் பாட்டில்களில் இடம் போதாமல் வெளி அட்டைப்பெட்டியில் மட்டும் அச்சிட்டிருப்பார்கள். பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மிகப் பொடியாக இருந்தாலும் இதே வழிதான். படத்தைப் பெரிதாக்கிப் படித்துவிடலாம்.

'கீ இன்கிரீடியன்ட்ஸ்' என்று நான்கைந்து பெயர்களை மட்டும் அழகாகப் போட்டிருப்பார்கள். அது விளம்பரத்துக்காகப் பொறுக்கியெடுத்தது. முழுப் பட்டியலைத் தேடுங்கள்.

அதிலுள்ள பெயர்கள் பெரும்பாலும் ஐ.என்.சி.ஐ. என்ற சர்வதேசப் பெயரிடல் முறையில் இருக்கும். 1970-களில் உருவான இந்த முறையால், எந்த நிறுவனம் தயாரித்தாலும் ஒரு பொருளுக்கு ஏறக்குறைய ஒரே பெயர்தான். தாவரங்களுக்கு லத்தீன் பெயர்: சோற்றுக்கற்றாழை 'அலோ பார்படென்சிஸ்', சூரியகாந்தி 'ஹீலியாந்தஸ் ஆன்யூஸ்', தேங்காய் 'கோகஸ் நூசிஃபெரா'. தண்ணீர் 'அக்வா', வாசனைக் கலவை 'பார்ஃபம்', தேன்மெழுகு 'செரா ஆல்பா'. வாயில் நுழையாத பெயர் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். 'பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கி' என்றால் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெய்தான்.

வரிசைதான் முதல் துப்பு

எடையில் அதிகமாக இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால். ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா உள்ளிட்ட பல இடங்களில் இது சட்டம். பெரும்பாலான லோஷன்களில் முதல் பெயர் தண்ணீர்தான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. லோஷன் என்பதே தண்ணீரும் எண்ணெயும் கலந்ததுதான். முதல் ஐந்தாறு பெயர்களைப் படித்தாலே பொருளின் பெரும்பகுதி என்னவென்று தெரிந்துவிடும்.

ஆனால் இந்த வரிசை விதிக்கு ஒரு எல்லை உண்டு. 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் பொருட்களை, மற்றவை முடிந்த பிறகு, தயாரிப்பாளர் தன் விருப்பம்போல எந்த வரிசையிலும் எழுதலாம். புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதன்மையானது இதுதான் என்பேன். 0.01 சதவீதமே உள்ள பூச்சாற்றை 0.9 சதவீதம் உள்ள பதப்படுத்திக்கு முன்னால் போட்டாலும் சட்டப்படி தப்பில்லை.

அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று எந்த லேபிளும் சொல்லாது. நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். அதற்குச் சில அடையாளக் கற்கள் உண்டு. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்திக்கு ஐரோப்பிய விதியில் உச்சவரம்பே 1 சதவீதம். கெட்டிப்படுத்தச் சேர்க்கும் சாந்தன் கம், கார்போமர் இரண்டும் பொதுவாக 1 சதவீதத்துக்குள்தான் இருக்கும். டைசோடியம் ஈ.டி.டி.ஏ. இன்னும் குறைவு. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டதும், 'இங்கிருந்து எல்லாமே சிட்டிகை அளவு' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பட்டியலை எடுத்துப் பார்ப்போம்

இது நானாக எழுதிய மாதிரிப் பட்டியல். ஆனால் கடையில் இதன் உடன்பிறப்புகளை நிறையப் பார்க்கலாம். முன்பக்கத்தில் 'கற்றாழையும் ஹயலூரோனிக் அமிலமும் நிறைந்த மாய்ஸ்சரைசர்' என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் இப்படி:

அக்வா, கிளிசரின், கேப்ரிலிக்/கேப்ரிக் ட்ரைகிளிசரைடு, நியாசினமைடு, சீட்டியரைல் ஆல்கஹால், டைமெதிகோன், கிளிசரைல் ஸ்டியரேட், பெக்-100 ஸ்டியரேட், ஃபீனாக்ஸிஎத்தனால், பாந்தெனால், சோடியம் ஹயலூரோனேட், சாந்தன் கம், அலோ பார்படென்சிஸ் லீஃப் ஜூஸ், டைசோடியம் ஈ.டி.டி.ஏ., சிட்ரிக் ஆசிட், பார்ஃபம், லினலூல்.

தண்ணீருக்கு அடுத்து கிளிசரின். தோலுக்குள் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள். விலை மலிவானது, நம்பகமானது, இவ்வளவு முன்னால் இருப்பது நல்ல செய்தி. அடுத்து வரும் ட்ரைகிளிசரைடு, தாவர எண்ணெயின் கொழுப்பிலிருந்து செய்யும் மெல்லிய எண்ணெய். சொரசொரப்பை நீக்கி வழவழப்பு தரும். நான்காவதாக நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். கோட்டுக்கு நன்றாக மேலே இருப்பதால் பேருக்குச் சேர்த்ததாகத் தெரியவில்லை. சீட்டியரைல் ஆல்கஹாலும் இரண்டு ஸ்டியரேட்டுகளும் சேர்ந்து, ஒட்டாத எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்ட வைத்துக் க்ரீமாக்குகின்றன. டைமெதிகோன் ஒரு சிலிக்கோன். மேலே மெல்லிய படலமாகப் படிந்து ஈரம் ஆவியாகாமல் தடுக்கும்.

பிறகு ஃபீனாக்ஸிஎத்தனால். இங்கே கோடு. முன்பக்கத்தில் பெயர் வாங்கிய இரண்டுமே கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஹயலூரோனிக் அமிலத்தின் உப்பான சோடியம் ஹயலூரோனேட் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழேதான் சேர்க்கப்படும், கூடினால் பிசுபிசுக்கும். அதனால் அது இங்கே இருப்பது இயல்பு. கற்றாழைச் சாறு அப்படியில்லை. சாந்தன் கம்முக்கும் பின்னால் நிற்கும் சாற்றை 'நிறைந்த' என்று சொல்ல எந்த நியாயமும் கிடையாது. இந்தக் க்ரீம் கெட்ட க்ரீம் இல்லை. நல்ல கிளிசரின்–நியாசினமைடு க்ரீம். கற்றாழைக்காக வாங்குவதாக இருந்தால்தான் வேண்டாம்.

கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் வீண் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் சிறிய அளவிலேயே வேலை செய்யும். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதிப்படி, முகத்தில் பூசிவிடும் பொருட்களில் அது 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளும் சிறிய அளவிலேயே சேர்க்கப்படும். எதற்கு எவ்வளவு தேவை என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

குடும்பம் பிரித்துப் படியுங்கள்

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இது என்ன வேலைக்கு வந்திருக்கிறது என்று கேட்டால் போதும்.

ஈரம் இழுப்பவை: கிளிசரின், யூரியா, சோர்பிட்டால், பியூட்டிலீன் கிளைக்கால், ஹயலூரோனிக் அமிலம். வழவழப்பு தருபவை: ஸ்குவாலேன், தாவர எண்ணெய்கள், மேலே சொன்ன ட்ரைகிளிசரைடு. மூடி போடுபவை: பெட்ரோலேட்டம், 'பாரஃபினம் லிக்விடம்' என்ற மினரல் ஆயில், லானோலின், மெழுகுகள், டைமெதிகோன். வறண்ட தோல் உள்ளவர்கள் மூன்று வகையும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்ப் பசை உள்ளவர்களுக்கு முதல் வகையும் கொஞ்சம் டைமெதிகோனும் பெரும்பாலும் போதும்.

ஃபேஸ்வாஷில் முதலில் பார்க்க வேண்டியது நுரை தரும் பொருளை. சோடியம் லாரில் சல்ஃபேட் கடுமையானது. தோலில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கி ஆராய்பவர்கள் பயன்படுத்துவதே அதைத்தான். சோடியம் லாரெத் சல்ஃபேட் பெயரில் ஒன்றுபோல ஒலித்தாலும் அதைவிட மென்மை. கோகோ குளுகோசைடு, சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் இன்னும் மென்மை. கழுவியபின் முகம் இழுத்துப் பிடிக்கிறது என்றால் இந்த வரியைத்தான் முதலில் பாருங்கள்.

ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் பொருளைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். சீட்டைல், ஸ்டியரைல், சீட்டியரைல் ஆல்கஹால்கள் மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள், தோலை வறட்டாது. 'ஆல்கஹால் டினாட்' என்பதுதான் சட்டென்று ஆவியாகும் சாராய வகை. அது முதல் நான்கைந்து பெயர்களுக்குள் இருந்து, உங்களுக்கு வறண்ட அல்லது எரிச்சலுக்கு ஆளாகும் தோலாகவும் இருந்தால் தவிருங்கள்.

பதப்படுத்திகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் அதிகமும் தப்பான இடத்தில்தான் போய் நிற்கிறது. தண்ணீர் உள்ள எந்தப் பொருளிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். விரல் விட்டு எடுக்கும் டப்பாவில் இன்னும் வேகமாக. ஆகவே பதப்படுத்தி வேண்டும். பாரபன் என்று முடியும் பெயர்கள்மேல் பெரும் அச்சம் பரவிக் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஐசோபுரோப்பைல், ஐசோபியூட்டைல் உள்ளிட்ட ஐந்து பாரபன்களைத் தடை செய்தது. மெத்தில், எத்தில் பாரபன்களைத் தலா 0.4 சதவீதம்வரை இன்றும் அனுமதிக்கிறது. ஒவ்வாமை என்ற கணக்கில் பார்த்தால் பாரபன்கள் மிகச் சாது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் ஆண்டுதோறும் 'இவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று ஒன்றை அறிவிக்கும். 2019-இல் பாரபன்களை 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது.

அதே சங்கம் 2013-இல் எச்சரித்தது என் இமையைப் பாடாய்ப் படுத்திய மெத்தில்ஐசோதயசோலினோனை. பாரபனைக் கைவிட்ட நிறுவனங்கள் பல அதைச் சேர்க்கத் தொடங்கியபோது ஒவ்வாமையும் கூடவே பெருகியது. கழுவாமல் விடும் பொருட்களில் ஐரோப்பாவில் 2017 முதல் அதற்கு இடமில்லை. கழுவிவிடும் பொருட்களில் 0.0015 சதவீதம்வரை அனுமதி உண்டு. தோல் அடிக்கடி கோபித்துக்கொள்ளும் என்றால் இந்தப் பெயரையும், மெல்ல ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் டி.எம்.டி.எம். ஹைடன்டாயின், குவாட்டர்னியம்-15 ஆகியவற்றையும் பட்டியலில் தேடுங்கள்.

வாசனைக்கும் ஒரு தனிக் கவனம் வேண்டும். 'பார்ஃபம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், நூறும் இருக்கலாம்; பிரித்துச் சொல்லக் கட்டாயமில்லை. லினலூல், லிமோனின், ஜெரனியால், சிட்ரல், யூஜினால் போன்ற ஒவ்வாமை தரக்கூடியவை மட்டும், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஐரோப்பிய விதிப்படி தனியாகப் பெயர் சொல்லப்பட வேண்டும். முதலில் 26 பெயர்களாக இருந்த அந்தப் பட்டியல் 2023-இல் எண்பதுக்கும் மேலாக நீட்டப்பட்டது. 'பார்ஃபம்' இல்லாமல் லினலூலும் லிமோனினும் மட்டும் இருந்தால், பெரும்பாலும் உள்ளே நறுமண எண்ணெய் ஏதோ இருக்கிறது என்று பொருள். இயற்கை எண்ணெய் என்பதால் ஒவ்வாமை வராது என்று நம்பிவிடாதீர்கள்.

சிகிச்சைக்கென்று சேர்ப்பவை

இங்கேதான் அளவு தெரிய வேண்டும். நியாசினமைடு 2 முதல் 5 சதவீதத்திலேயே பலன் தருகிறது. 10 சதவீதம் என்பதால் இருமடங்கு பலன் கிடைத்துவிடாது, சிலருக்கு முகம்தான் சிவக்கும். பருவுக்கான சாலிசிலிக் அமிலம் 0.5 முதல் 2 சதவீதம். கிளைக்காலிக், லாக்டிக் போன்ற அமிலங்கள் வீட்டு உபயோகப் பொருட்களில் 10 சதவீதத்துக்குள், பி.எச். என்ற அமிலத்தன்மை அளவு 3.5-க்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பு. அவற்றைப் பூசும் நாட்களில் வெயில் சுலபமாகச் சுட்டுவிடும், சன்ஸ்கிரீன் கட்டாயம். வைட்டமின் சி 'எல்-அஸ்கார்பிக் ஆசிட்' என்று இருந்தால் 10 முதல் 20 சதவீதம்வரை சேர்ப்பார்கள். காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப் பழுப்பாகும், ஆகையால் இருண்ட நிறப் பாட்டிலா என்று பாருங்கள். ரெட்டினால், ரெட்டினைல் பால்மிட்டேட், ட்ரெட்டினாயின் எல்லாம் ஒரே குடும்பம். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் அந்தக் குடும்பத்தையே ஒதுக்கிவைக்க வேண்டும்.

முன்பக்கத்தில் சதவீதம் போட்டிருந்தால் எதன் சதவீதம் என்று பாருங்கள். '10% காம்ப்ளக்ஸ்' என்றால் பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த ஒரு கலவை 10 சதவீதம். அதற்குள் உண்மைப் பொருள் எவ்வளவு என்பது வேறு கணக்கு.

முன்பக்கச் சொற்களுக்கு எவ்வளவு மதிப்பு?

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் 1975-இல் ஒரு வரையறை கொண்டுவந்தார்கள். 1977-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்றும் அந்தச் சொல்லுக்கு அங்கே சட்ட வரையறை இல்லை. 'டெர்மடாலஜிக்கலி டெஸ்டட்' என்றால் ஏதோ ஒரு சோதனை நடந்தது. என்ன சோதனை, முடிவு என்ன என்று அந்தச் சொல் சொல்வதில்லை. 'நான்-காமிடோஜெனிக்' என்பதற்கும் அதிகாரபூர்வ அளவுகோல் கிடையாது. துளைகளை அடைக்கும் பொருட்களுக்கு மதிப்பெண் போட்ட பழைய பட்டியல்கள் பல முயல் காதில் செய்த சோதனையிலிருந்து வந்தவை. 'அன்சென்டட்' என்றால் மணம் தெரியாது, அவ்வளவுதான். மூலப்பொருளின் நெடியை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்ற சொல்லைத் தேடி, பின்பக்கத்திலும் சரிபாருங்கள்.

மூடி திறந்த டப்பாவின் சிறு படமும் அதற்குள் 6எம், 12எம் போன்ற எழுத்தும் இருந்தால், திறந்தபின் அத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். திறந்த தேதியை டப்பாவின் அடியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

நிறத்தை வெளுக்கும் க்ரீம்கள்: இங்கே மட்டும் தயவுசெய்து கூடுதல் கவனம்

பட்டியலே இல்லாத வெளுப்புக் க்ரீமை எக்காரணம் கொண்டும் முகத்தில் பூசாதீர்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலின் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசுகிறவரின் வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் பாதிக்கும். லேபிளில் காலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, மெர்க்குரிக் அயோடைடு, அம்மோனியேட்டட் மெர்க்குரி என்று இருந்தால் எல்லாம் அதுதான். பெயரே போடாமல் மறைப்பவர்களும் உண்டு. அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓர் அடையாளம்: 'தங்கம், வெள்ளி, அலுமினியம், நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை. நகையில் படக் கூடாத க்ரீம் முகத்தில் எப்படிப் படலாம்?

இன்னொன்று ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் மருத்துவர் எழுதித்தர வேண்டியவை. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் எரியும், அதற்குப் பயந்தே தொடர்ந்து பூசுவார்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார். ஹைட்ரோகுயினோனும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே பூச வேண்டியது.

வாங்கியபின்: முழங்கை மடிப்பும் ஒரு நோட்டும்

பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் தோல் என்ன சொல்லும் என்பது பூசினால்தான் தெரியும். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு நாணய அளவுக்கு, நாளைக்கு இருமுறை, ஏழு முதல் பத்து நாள் ஒரே இடத்தில் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை முதல் நாளே வர வேண்டும் என்றில்லை. அதனால்தான் இத்தனை நாள். ஃபேஸ்வாஷ் என்றால் வழக்கமாக முகத்தில் வைத்திருக்கும் நேரம் மட்டும் வைத்துக் கழுவிவிடுங்கள். சிவப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருட்களைத் தொடங்காதீர்கள். ஏதாவது ஆனால் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

ஒத்துக்கொள்ளாத பொருளின் பட்டியலைப் படம் எடுத்து ஒரு நோட்டிலோ போனிலோ சேர்த்துவையுங்கள். கூடவே ஒத்துக்கொண்டவற்றின் பட்டியலும். ஒத்துக்கொள்ளாத இரண்டு மூன்று சேர்ந்ததும் அவற்றில் பொதுவாக உள்ள பெயர்களை அடிக்கோடிட்டு, அவற்றில் ஒத்துக்கொண்ட பொருட்களிலும் இருப்பதை அடித்துவிடுங்கள். கிளிசரினும் சாந்தன் கம்மும் போய், மூன்று நான்கு பெயர்கள் மிஞ்சும். அவை உங்கள் சந்தேகப் பட்டியல், தீர்ப்பு இல்லை. தீர்ப்புக்கு மருத்துவரின் பேட்ச் டெஸ்ட் வேண்டும், ஆனால் இந்தச் சிறு பட்டியலோடு போனால் அவர் வேலை பாதி முடிந்துவிடும்.

பிடித்த க்ரீமை அடுத்த முறை வாங்கும்போதும் புது டப்பாவை ஒருமுறை திருப்பிப் பழைய படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெயரும் நிறமும் மாறாமலே உள்ளே இருப்பதை மாற்றுகிறார்கள். போன வருடம் நான் பல காலமாகப் பூசிவந்த லோஷனின் புது பாட்டிலில், கடைசிக்கு முந்தைய பெயராக லினலூல் புதிதாக வந்து சேர்ந்திருந்தது. எனக்கு அதனால் தொந்தரவில்லை, வாங்கிக்கொண்டேன். அதே லோஷனைப் பூசும் என் தங்கைக்கு வாசனை ஆகாது. கடையிலிருந்தே படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.